அம்மாவிடம் சொல்ல முடியாத மூன்று வரிகள்

மூன்று வரிகள்தாம். அப்பாவின் மருத்துவக் கோப்பில், மனநல மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போன பக்கத்தின் அடியில், நீல மையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. தமிழில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்: "கவனம்: குறைந்துள்ளது. உணர்ச்சி வெளிப்பாடு: நிலையற்றது. சிந்தனை: ஒழுங்கற்றது." கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னடி எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பை வைத்துப் பிழைக்கிறவள் நான். மருந்துக் கையேடுகள், நோயாளிகளிடம் கையொப்பம் வாங்கும் படிவங்கள், ஒப்பந்தங்கள் என்று இருபது ஆண்டுகளாக அடுத்தவர் எழுதியதைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த இரவில் மூன்று வரிகளை என் சொந்த அம்மாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைவிட மோசம், சொன்ன முதல் வரியே தப்பாகப் போயிற்று.

"அப்பாவுக்குக் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கும்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார். "உங்க அப்பாவுக்கா? நாற்பது வருஷம் அடுத்தவங்க கணக்கை எழுதின மனுஷன். ஒரு நாள் கணக்கு உதைச்சதில்ல. அவருக்குப் போய்க் கவனக்குறைவா?" அவர் குரலில் இருந்தது வருத்தமன்று, அவமானம். யாரோ அப்பாவின் நடத்தைச் சான்றிதழில் கறுப்பு மை தடவிவிட்டதுபோல அதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டது நியாயந்தான். விபத்துச் செய்திகளில் ஓட்டுநரைக் குறை சொல்ல நாம் எழுதும் சொல் அது. மாணவனின் மதிப்பெண் அட்டையில் ஆசிரியர் கிறுக்கும் சொல் அது. அகராதிப்படி நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் மருத்துவர் எழுதிய பொருள் அம்மாவின் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. அன்றிலிருந்து அந்த மூன்று வரிகளும் என்னை விடவில்லை.

அந்த வாரத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வயதானவர் ஒருவரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரவுகளில் காத்துக் கிடந்தவர்களுக்கு அது தெரியும். அப்பாவுக்கு 74 வயது. வழுக்கி விழுந்ததில் தொடையெலும்பு இடுப்புக்கருகே முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, மறுநாள் எங்களோடு சாதாரணமாகப் பேசினார். இரண்டாம் நாள் மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, சலைன் குழாயைக் காட்டி, "இந்த நூலை யார் இங்க கட்டினது?" என்று கேட்டார். இரவு பத்து மணிக்கு, ஊசி போட வந்த செவிலியர் தம்முடைய பேரேட்டைத் திருடிக்கொண்டு போவதாகக் கத்தினார். விடிந்ததும் பேரேடும் இல்லை, திருட்டும் இல்லை. காப்பி வந்ததா என்று கேட்டார். மூன்றாம் நாள் பகலில் தேம்பித் தேம்பி அழுதார். ஏன் என்று கேட்டு முடிப்பதற்குள் சிரித்தார். பிறகு யாரையும் கண்டுகொள்ளாமல் இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்றார் ஒருவர். விழுந்ததில் மனசு உடைந்துபோய்விட்டது என்றார் இன்னொருவர். மறதி நோய் ஆரம்பம், இனி இப்படித்தான் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னவரும் உண்டு. இந்தப் பெயர்களை இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. எல்லாப் பெயர்களும் சிந்தனையைப் பற்றியவை, அல்லது உணர்ச்சியைப் பற்றியவை, அல்லது நினைவைப் பற்றியவை. கவனம் என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பின்னோக்கிச் சொல்லும் மாதங்கள்

மூன்றாம் நாள் இரவு அப்பா சலைன் ஊசியைப் பிடுங்கிவிட்ட பிறகு, இரவுப் பணியில் இருந்த மனநல மருத்துவரை வரவழைத்தார்கள். சிறு வயதுப் பெண். அப்பாவின் கண்ணுக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெயர், இடம், நாள் எல்லாம் கேட்ட பிறகு, "ஐயா, டிசம்பர்லேருந்து பின்னாடி பின்னாடி மாசங்களைச் சொல்லிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார். அப்பா தொடங்கினார். "டிசம்பர், நவம்பர், அக்டோபர்." நின்றார். "அக்டோபர்..." மறுபடி நின்றார். பிறகு, ஏதோ தடை நீங்கியதுபோல வேகமாக, "நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி" என்று சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு எங்களைப் பார்த்தார். அடுத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். "தொண்ணூத்து மூணு. எண்பத்தாறு." அதற்குள் நடைபாதையில் ஒரு தள்ளுவண்டி ஓசை. அப்பா திரும்பிப் பார்த்தார். திரும்பி வந்தபோது, "எண்பத்தாறு... எண்பத்தாறு எந்தக் கணக்குக்கு?" என்றார்.

என் வாழ்நாளில் நான் கண்ட மிகத் துல்லியமான காட்சிகளில் இதையும் ஒன்றாக வைப்பேன். நாற்பது ஆண்டு கணக்கு எழுதியவருக்கு எண்பத்தாறில் ஏழு போனால் எவ்வளவு என்று தெரியாதா? தெரியும். மாதங்களின் பெயர்களும் தெரியும். நழுவியது வேறு: இப்போது எந்த இடத்தில் நிற்கிறேன், எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறேன் என்ற இரண்டையும் ஒரு சேரக் கையில் வைத்திருப்பது. பிள்ளைப் பருவத்திலிருந்து முன்னோக்கியே சொல்லிப் பழகிய வரிசை, பிடி தளர்ந்த கணத்தில் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. எங்கோ ஓர் ஓசை கேட்டதும் போட்ட வேலை போட்டபடி கிடக்க மனம் ஓசையின் பின்னால் போயிற்று. மருத்துவர் சோதித்தது அறிவையும் அன்று, கணக்கையும் அன்று. அந்தத் தேர்வில் மாதங்களும் எண்களும் வெறும் தூண்டில். பிடிபட வேண்டிய மீன் கவனம்.

சோதனை முடிந்து என்னை வெளியே அழைத்து அவர் சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். "கவனம் நிக்கல. அது நிக்காதவரைக்கும் இவரோட ஞாபகத்தைச் சோதிச்சோ யோசனையைச் சோதிச்சோ பிரயோஜனம் இல்ல. கீழ்ப்படி ஆடும்போது மேல்படியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது." பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: டெலிரியம். உடம்பின் கோளாற்றால் திடீரென வரும் மனக்குழப்பம்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. இலத்தீனில் 'லிரா' என்றால் உழுத நிலத்தில் சாலுக்குச் சால் எழும் வரப்பு. அதிலிருந்து விலகிப் போவதுதான் 'டெலிரியம்': ஏர், போட்ட சாலை விட்டு விலகுவது. முதலாம் நூற்றாண்டில் எழுதிய செல்சசு என்ற உரோமானியரே காய்ச்சலில் வரும் பிதற்றலுக்கு இச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். நோயாளியைப் பழிக்காத பெயர் இது. உழவன் கெட்டவன் என்று அது சொல்லவில்லை. மாடு மிரண்டது, கொழு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று, அவ்வளவுதான். நம்மிடமும் இதற்கு நிகரான சொல் இருந்தது: ஜன்னி. "ஜன்னி கண்டு பிதற்றுகிறான்" என்று சொன்ன பழைய தலைமுறை, பிதற்றுகிறவனைப் பைத்தியக்காரன் என்று எண்ணியதில்லை. உடம்பின் சூடு இறங்கினால் பேச்சும் தெளியும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. நாங்கள்தாம் அதைக் கைநழுவ விட்டுவிட்டு, புத்தி பேதலிப்பு என்றும் மறதி நோய் என்றும் தேடிக்கொண்டிருந்தோம்.

1990-இல் அமெரிக்க முதியோர் மருத்துவரான ஷாரன் இனூயியும் உடன் பணியாற்றியவர்களும் இந்நிலையைக் கட்டிலருகிலேயே கண்டறிய ஒரு முறையை வகுத்தார்கள். அதில் பார்க்க வேண்டியவை நான்கு: திடீரெனத் தொடங்கி ஏறியிறங்கும் போக்கு, கவனம் நிலைக்காமை, ஒழுங்கற்ற சிந்தனை, விழிப்பு நிலையில் மாற்றம். முதலிரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். பின்னிரண்டில் ஒன்று இருந்தால் போதும். இந்தப் பட்டியலைப் பின்னர் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களை உலுக்கியெடுத்த அழுகையும் சினமும் சிரிப்பும் அதில் இல்லவே இல்லை. நாங்கள் இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்தது நோயை உறுதிப்படுத்தத் தேவைப்படாத ஒன்றைப் பற்றி. நோயை உறுதிப்படுத்தும் அடையாளமோ, யார் கண்ணிலும் படாமல் அக்டோபரில் நின்றுகொண்டிருந்தது.

ஏன் படவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விடைதான் இருக்கிறது. அழுகை கண்ணுக்குத் தெரிகிறது, பிதற்றல் காதில் விழுகிறது. கவனத்துக்கு வடிவமே கிடையாது. அது நழுவும்போது அதன்மேல் நின்றுகொண்டிருந்த மற்றவை சாய்வதை மட்டுமே காண்கிறோம். மருத்துவ உலகமே இதைத் தனியாகப் பிரித்தெடுக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இல் எழுதிய நூலில் கவனத்துக்கும் அதன் நோய்களுக்கும் ஓர் இயல் ஒதுக்கியிருந்தார். அதன் பிறகும், ஓரிடத்தில் நிலைகொள்ளாத குழந்தைகளைப் பற்றி 1902-இல் இலண்டனில் உரையாற்றிய குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றுதான் விவரித்தார். 1968-இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம். அதைக் குழந்தைப் பருவத்தின் மிகை இயக்கம் என்று அழைத்தது. கவனம் என்ற சொல் நோயின் பெயரிலேயே ஏறியது 1980-இல். ஒழுக்கத்திலிருந்து கைகாலுக்கும், கைகாலிலிருந்து கவனத்துக்கும் பெயர் நகர முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நாம் தமிழில் கவனக்குறைவு என்று எழுதும்போது அந்தப் பயணத்தைத் தலைகீழாக நடத்திவைக்கிறோம். படிக்கிற பெற்றோரை நேரே ஒழுக்கத்துக்கே கொண்டுபோய் விடுகிறோம். என் அம்மா போய் நின்ற இடமும் அதுதான். (இன்று ஏ.டி.எச்.டி. என்று அழைக்கப்படும் அந்தக் குழந்தைகளின் நிலை வேறு, அப்பாவின் நிலை வேறு. அது சிறு வயதில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் உடன் இருப்பது. இது சில மணி நேரத்தில் வந்து இறங்குவது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் போட்டு வைத்திருப்பது நம் கைங்கரியம்.)

மெய்யில் படுவது

இரண்டாம் வரி எனக்குத் தொழில் முறையிலும் பழைய தலைவலி. மனநல மருத்துவர்கள் உணர்ச்சியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒருவர் தம் மனம் எப்படி இருக்கிறது என்று தாமே சொல்வது ஒன்று. அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிப்பது. அந்தக் கணத்தில் அவர் முகத்திலும் குரலிலும் உடம்பிலும் மற்றவர் காண்பது இன்னொன்று. முன்னது பருவநிலை போன்றது, பின்னது இன்றைய வானிலை போன்றது என்று பாடநூல்களில் விளக்குவார்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் வெயிலடிக்கலாம். அதனால் பருவம் மாறிவிடாது. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். தமிழ்ப் படிவங்களில் இரண்டையுமே மனநிலை என்று எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறோம். நானே அப்படி எழுதியிருக்கிறேன், ஒரு முறை அல்ல.

இத்தனைக்கும் இந்தப் பிரிவினைக்குரிய சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையோடு கிடக்கிறது. மெய்ப்பாடு. உள்ளத்தில் நிகழ்வது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியம் எண்ணிக் காட்டும் எட்டும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலனாகிறவை. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களிலிருந்து பிறக்கும் என்றும் அந்நூல் வகுக்கிறது. அதாவது அழுகைக்கு ஒரு காரணம் வேண்டும். காரணத்தோடு பொருந்தி வருவதே மெய்ப்பாடு. மருத்துவர் கோப்பில் தேடுவதும் ஏறக்குறைய இந்தப் பொருத்தத்தைத்தான். சாவுச் செய்தியைச் சிரித்துக்கொண்டே சொல்பவரிடம் உள்ளமும் மெய்யும் பொருந்தவில்லை என்று குறிப்பார். எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாதவரிடம் மெய்ப்பாடு மழுங்கியிருக்கிறது என்று குறிப்பார். அப்பாவுக்கு எழுதப்பட்டதோ நிலையற்றது என்பது: ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, காரணம் முளைப்பதற்குள், தாவிக்கொண்டிருப்பது.

இங்கே நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா அழுதபோது அதற்கு ஒரு கதை கட்டினேன். விழுந்ததில் தன்னம்பிக்கை போய்விட்டது, மற்றவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்று உள்ளுக்குள் உடைந்துவிட்டார், அதுதான் அழுகையாக வருகிறது என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிக்கு உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அடுத்த நிமிடம் சிரித்ததும் என் கதை பொய்த்தது; ஆனாலும் நான் அதைக் கைவிடவில்லை, சிரிப்புக்கும் ஒரு கதை தேடினேன். இரண்டு மணி நேரம் விட்டத்தைப் பார்த்துக் கிடந்ததற்கு மனச்சோர்வு என்று பெயர் வைத்தேன். அது மனச்சோர்வு அன்று, டெலிரியத்தின் அடங்கிய வடிவம் என்று மருத்துவர் சொன்னார். கத்துகிறவரைப் பார்த்து ஓடி வருவார்கள். பேசாமல் கிடப்பவரை நல்ல நோயாளி என்று விட்டுவிடுவார்கள். அதனாலேயே இந்த அடங்கிய வடிவம் பல நேரங்களில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. உணர்ச்சிக்குக் காரணம் தேடும் பழக்கம் நல்ல பழக்கந்தான். உப்புச் சத்து குறைந்த ஓர் உடம்பின்மேல் அந்தப் பழக்கத்தை ஏற்றி வைத்து, இல்லாத ஒரு துயரத்தை நான் அவருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மொட்டைத் தலையும் முழங்காலும்

மூன்றாம் வரிதான் அம்மாவுக்குச் சொல்லவே கூடாது என்று நான் முடிவுகட்டியிருந்தது. சிந்தனை ஒழுங்கற்றது என்பதைத் தமிழில் எப்படிச் சொன்னாலும் அது பைத்தியம் என்றே போய் முடியும். அந்தச் சொல்லும் தொடக்கத்தில் வசையாக இருந்ததில்லை. பித்தம் மிகுந்ததால் வந்தது என்ற பழைய மருத்துவக் கருத்துத்தான் பித்து, பைத்தியம் இரண்டிலும் இருக்கிறது. கிரேக்கர்கள் துயர நோயைக் கரும்பித்தம் என்ற பொருளில் மெலங்கோலியா என்று அழைத்ததும் இதே தருக்கத்தில்தான். உடம்பைப் பற்றிப் பிறந்த சொல் எத்தனை தலைமுறையில் ஆளைப் பற்றிய சொல்லாக மாறியது என்று தெரியவில்லை. மாறிய பிறகு அதைத் திரும்ப மருத்துவத்துக்குக் கொண்டுவர யாராலும் முடியாது.

மருத்துவர்கள் சிந்தனையிலும் ஒரு கோடு கிழிக்கிறார்கள்: என்ன நினைக்கிறார் என்பது ஒன்று, நினைப்பு எப்படி நடக்கிறது என்பது இன்னொன்று. உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதை மனநோய்க் குறியியலின் அடிப்படையாக ஆக்கியவர் ஜெர்மானிய மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ். 1913-இல் தம் பெருநூலை வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பதுதான். செவிலியர் பேரேட்டைத் திருடுகிறார் என்பது உள்ளடக்கம். அந்த எண்ணத்துக்கு அப்பா எப்படி வந்து சேர்ந்தார், அதிலிருந்து எப்படி நழுவிப் போனார் என்பது உருவம். அசைக்க முடியாத பொய்நம்பிக்கை உடையவர் காலையிலும் அதையே சொல்வார், ஆதாரம் காட்டினாலும் விடமாட்டார். அப்பாவின் திருட்டுக் குற்றச்சாட்டு விடியும் வரைகூடத் தாங்கவில்லை. சலைன் குழாயை நூல் என்றாரே, அதுவும் இல்லாததைக் காண்பது அன்று. இருக்கிற ஒன்றைத் திரித்துக் காண்பது. அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டியவர் 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல்.

நினைப்பு நடக்கும் விதத்தை நேரே பார்த்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை. பேச்சைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியசன் 1979-இல் இப்படிப் பேச்சில் வெளிப்படும் கோளாறுகளைப் பதினெட்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதினார். அவற்றில் சிலவற்றைத் தமிழாக்க உட்கார்ந்தபோது எனக்கு வியப்பு காத்திருந்தது. தேவையில்லாத விவரங்களையெல்லாம் சுற்றிவந்து கடைசியில் விடைக்கு வந்து சேர்வது ஒரு வகை. நாம் இதைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்கிறோம். மூக்கைத் தொட்டுவிடுகிறார் என்பதுதான் இதில் முக்கியம். கேள்விக்கு அருகே போய் உரசிவிட்டு வேறு பக்கம் போய்விடுவது இன்னொரு வகை. அவர் மூக்கைத் தொடுவதே இல்லை. ஒன்றுக்கொன்று உறவில்லாத எண்ணங்கள் அடுத்தடுத்து வருவது மூன்றாவது; மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. பொருளை விட்டுவிட்டு ஓசையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் அடுத்த சொல்லுக்குப் போவதும் உண்டு, எதுகையும் மோனையுமே பேச்சை ஓட்டிச் செல்வதுபோல. இத்தனைக்கும் நாம் கலைச்சொல் அகராதியில் தமிழே இல்லை என்று அழுதுகொண்டிருக்கிறோம். இருந்த சொற்கள் எல்லாம் கேலிக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டதால் அவற்றைக் கோப்பில் எழுத நமக்குக் கூச்சம். கூச்சத்தில் நியாயம் இருக்கிறது. நோயாளியின் தாளில் மொட்டைத் தலை என்று எழுத முடியாதுதான். ஆனால் அந்த வழக்கு கவனித்திருப்பது என்னவோ மருத்துவர் கவனித்ததையேதான்.

கோப்புக்கென்று நாம் ஆக்கிய சொற்களின் நிலை இதைவிட மோசம். சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1908-இல் ஸ்கிட்சோஃப்ரினியா என்ற பெயரை முன்வைத்தபோது, எண்ணங்களுக்கிடையேயான இணைப்பு அறுபடுவதைச் சொல்லவே பிளவு என்ற பொருளுடைய கிரேக்க வேரை எடுத்தார். உலகம் அதை ஓர் உடம்பில் இரண்டு ஆள் என்று புரிந்துகொண்டது. ஜப்பானியர்கள் அதை மனம் பிளந்த நோய் என்று எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள்; அந்தப் பெயரை நோயாளியிடம் சொல்லவே மருத்துவர்கள் தயங்கினார்கள். நோயாளிகளின் குடும்பத்தார் வேண்டிக்கொண்டதன் பேரில் 2002-இல் ஒருங்கிணைவுக் கோளாறு என்ற பொருள்படும் பெயருக்கு மாறினார்கள். கொரியர்கள் பின்னர் யாழின் நரம்பைச் சுதிசேர்ப்பதைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள்: நரம்பு தளர்ந்திருக்கிறது, முறுக்கினால் சுதி சேரும். நாம் மனச்சிதைவு என்று எழுதுகிறோம். சிதைந்தது என்றால் தமிழில் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சிதிலத்தை யாரும் குணப்படுத்துவதில்லை. இதைவிட நல்ல சொல் வரும்வரை நான் ஸ்கிட்சோஃப்ரினியா என்று ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பிடி

அந்த இரவுக்கு வருகிறேன். மருத்துவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கவனக்குறைவு என்ற சொல் எங்களுக்கிடையே கட்டிலின் மேல் கிடந்தது. நான் அதைக் கைவிட்டுவிட்டு, சற்று முன் கண்டதைச் சொல்லத் தொடங்கினேன். அப்பாவை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார்கள், அக்டோபர் வரை வந்தார், அங்கே நின்று, தெரியாமலே திரும்பிவிட்டார். கழித்தல் தெரிகிறது, வண்டிச் சத்தம் கேட்டதும் எந்தக் கணக்கில் இருந்தோம் என்பது போய்விடுகிறது. அம்மா குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து, "பிடி நழுவுது" என்றார். "படிக்கட்டுல இறங்கறப்ப கைப்பிடி இல்லாத மாதிரி. அதான் பயந்துபோய்க் கத்துறார். யாரைப் பார்த்தாலும் திருடன்னு தோணுது."

நான் இருபது ஆண்டில் எழுதிய எந்தக் கையேட்டிலும் அந்த அளவுக்குச் சரியான வாக்கியம் இல்லை. கவனம் நழுவியதால் சூழ்நிலை புரியவில்லை, புரியாததால் அச்சம், அச்சத்தால் சினமும் பொய்க் குற்றச்சாட்டும் என்று மூன்று வரிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டார். நான் அவற்றைத் தனித்தனி நோய்களாக வைத்து மொழிபெயர்க்கப் போராடிக்கொண்டிருந்தேன். அதோடு, பிடி என்ற சொல்லில் குற்றம் ஒட்டாது. கவனக்குறைவு உடையவனை அதட்டுவோம். பிடி நழுவுகிறவனுக்குக் கை கொடுப்போம்.

கை கொடுக்கவும் செய்தார். மறுநாள் காலை மருத்துவர் சொன்ன வேலைகள் எல்லாமே கைப்பிடி போடுகிற வேலைகள்தாம் என்று அம்மா கண்டுகொண்டார். அப்பாவின் மூக்குக்கண்ணாடி மேசை இழுப்பறையிலும், காதொலிக் கருவி என் கைப்பையிலும் அறுவைச் சிகிச்சை நாளிலிருந்து கிடந்தன. கண்ணும் காதும் இல்லாத மனிதரிடம் உலகத்தைக் கவனி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டையும் மாட்டிவிட்டோம். கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம் வைத்தோம். பகலில் திரைச்சீலையை விலக்கினோம், இரவில் வெளிச்சத்தைக் குறைத்தோம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதை நிறுத்தினோம். இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்ததைச் சரிசெய்தார்கள். தூக்கத்துக்கென்று கொடுத்து வந்த ஒரு மாத்திரையை நிறுத்தினார்கள். ஆறாம் நாள் அப்பா தாமாகவே செய்தித்தாளைக் கேட்டார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். எல்லோருக்கும் இப்படி ஒரு வாரத்தில் தெளிந்துவிடுவதில்லை, சிலருக்கு வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. எங்களுக்கு வாய்த்தது நல்ல முடிவு.

தெளிந்த பிறகு அவருக்குச் சில துண்டுகள் நினைவிருந்தன. நூல் நினைவிருந்தது. செவிலியரை ஏதோ சொன்னது நினைவிருந்தது, என்ன சொன்னார் என்பது நினைவில்லை. "தப்பா ஏதும் பேசிட்டேனா?" என்று அம்மாவிடம் இரண்டு முறை கேட்டார். அம்மா இரண்டு முறையும், "பிடி நழுவியிருந்தது, இப்ப சரியாயிடுச்சு" என்றார், சுளுக்கு விட்டதைச் சொல்கிற குரலில்.

காப்பீட்டுக்காக வாங்கிய கோப்பின் நகல் ஒரு மாதம் கழித்து வந்தது. அப்பா அதை உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தார். தாள்களை அப்படிப் படிப்பதுதான் அவர் வழக்கம். மூன்று வரிகள் இருந்த பக்கம் வந்ததும் எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. சிந்தனை ஒழுங்கற்றது என்பதை ஆங்கிலத்திலேயே படித்தார், இரண்டு முறை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

"தேதி போட்டிருக்கு. மணி போடலியே?"

ஏறியிறங்கும் நோய், பகலில் ஓர் ஆள், இரவில் ஓர் ஆள். காலையில் காப்பி கேட்டவரும் இரவில் கத்தியவரும் ஒரே தேதிக்குள்தான் இருந்தார்கள். அந்த வரிகள் எந்த நேரத்துக்கு உரியவை என்று கோப்பில் எங்கேயும் இல்லை. நான் அந்த இரவை எண்ணிப் பார்த்து, பதினொன்றரைக்கு மேல் இருக்கும், பன்னிரண்டு ஆகவில்லை என்றேன். அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். மூன்று வரிகளின் ஓரமாக, பேரேட்டில் எழுதும் அதே சிறிய எழுத்தில், 'இரவு 11.40 அளவில்' என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.